அட்டையில் என் முழங்கை

திங்கட்கிழமை மத்தியானம் குடிக்கிறவர்களைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்று தெரிகிறது, சார்ஜென்ட். கேட்ட விதத்திலேயே தெரிந்தது. ஆனால் ரூஸ்வெல்ட் ரோட்டில் திங்கட்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. முடிதிருத்துகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. இரும்பு ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் காலையில் கொஞ்சம் தூங்கி எழுந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு டெல்லாவின் கடைக்கு வருவார்கள். பாட்டுக் கேட்க வருகிறார்கள் என்று ஹோசியா நினைத்துக்கொண்டிருந்தான். கெளுத்தி மீன் வறுவலுக்காக வருகிறார்கள் என்பது என் கருத்து.

நான் எதையும் மறைக்கப்போவதில்லை. அதனால் அந்த மூலையில் எழுதிக்கொண்டிருக்கிற தம்பியை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் எழுதினால் என் பெயரில்தான் முதலில் தப்பு வரும், எனக்கு அது பழக்கம். கிளீட்டஸ் மேப்ரி. பகலில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கிறேன். மற்ற நேரத்தில் ஹோசியா டேட்டமின் குழுவில் இரண்டாவது கிதார். ஹோசியா என் மனைவி வெர்லீனின் அண்ணன். நேற்று மத்தியானம் டெல்லாவின் மேடையில், மைக்கில் வாய் வைத்தபடி செத்துப்போனவன்.

இரண்டாவது கிதார் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதல் கிதார் பேசும். இரண்டாவது கிதார் பக்கத்தில் நின்று ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது நின்றுபோனால்தான் இத்தனை நேரம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது என்று ஜனங்களுக்குத் தெரியும். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. நான் ஒன்பது வருஷம் ஆமாம் சொன்னேன், நன்றாகவே சொன்னேன்.

போன வருஷம்தான் அந்த லிண்ட்கிரென் வந்தார். ஒல்லியான வெள்ளைக்காரர், சட்டைப் பையில் நாலைந்து பேனா. டெல்லாவின் கடையில் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து இஞ்சி சோடா குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரி ஆபீஸ் ஆள் என்று நான் சொன்னேன். ஹோசியா சிரித்தான். கடைசியில் பார்த்தால் அவர் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரர். எங்கள் ஆட்களுக்கெல்லாம் அதுவரை கிடைத்தது சின்னத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு, அதுவும் மூன்று நிமிஷத்துக்குள். காசு போட்டால் பாடும் பெட்டிக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. இவர் வந்து, பெரிய தட்டு முழுக்க உங்களுடையதே, இங்கே எப்படி வாசிக்கிறீர்களோ அப்படியே ஸ்டுடியோவிலும் வாசியுங்கள், சத்தத்தைக் குறை என்று நான் சொல்லமாட்டேன் என்றார். இந்த ஊரில் எந்தக் கம்பெனிக்காரனும் எங்களை மாதிரிக் கறுப்பு ஆட்களிடம் அப்படிப் பேசினதில்லை.

ஒரே மத்தியானத்தில் முடித்தோம். 'கழற்றிய கோட்டு' என்று ஹோசியா பெயர் வைத்தான். மூன்றாவது பாட்டுக்கு மேல் அவன் உடம்பில் கோட்டு நிற்காது, அதனால். அவனுக்கு அதுதான் முதல் பெரிய ரெக்கார்டு. உங்களுக்குப் பாட்டில் ஆர்வம் இருக்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் நானே சொல்கிறேன். அந்த ரெக்கார்டு வந்த பிறகு இந்த ஊரில் கிதார் வாசிக்கிற விதமே மாறிவிட்டது. கல்லூரிப் பையன்கள் தட்டை மெதுவாகச் சுற்றவிட்டு ஒவ்வொரு சுரமாகப் பொறுக்குகிறார்களாம். லண்டனிலிருந்து கடிதம் வருகிறது. இதெல்லாம் உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

அந்த ரெக்கார்டில் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. எல்லாரும் பொறுக்குவது அந்த இடத்தைத்தான். ஹோசியா தனியாக வாசிக்க ஆரம்பித்து ஒரு வரி போனதும், கிதார் திடீரென்று குரல் தாழ்ந்து, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட மாதிரி இழுக்கும். அதற்குப் பிறகு ஒரு முழுச் சுற்று, பாட்டில் ஒரு சரணம் ஓடுகிற நேரத்துக்கு. அதைக் கேட்டுவிட்டு ஒரு பத்திரிகைக்காரர், இந்த மனிதன் கிதாருக்குள் ரகசியம் பேசுகிறான் என்று எழுதினார்.

அந்த இடத்தில் நடந்தது இதுதான். ஹோசியாவின் தந்தி அறுந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் முதல் கிதாருக்குத் தந்தி அறுந்தால் பாட்டு நிற்கக்கூடாது, ஜனங்களுக்குத் தெரியவும் கூடாது. இரண்டாவது கிதார் அதே மூச்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் முதுகைத் திருப்பி வேறு தந்தி மாட்டுவான், இவன் அவன் குரலிலேயே வாசித்துக்கொண்டிருப்பான். நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் குரல் தாழ்வதும், அந்த இழுப்பும், அதற்குப் பின் வருகிற சுற்றும் நான் வாசித்தது. லிண்ட்கிரென் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குனிந்து ஏதோ மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது ஹோசியா மறுபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

ரெக்கார்டு வந்தது. அட்டையின் பின்பக்கத்தில், தனிக் கிதார் அனைத்தும் ஹோசியா டேட்டம் என்று போட்டிருந்தது. என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. முன்பக்கத்தில் ஹோசியா கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு இடப்பக்கம், படம் முடிகிற ஓரத்தில், கறுப்பாக ஒன்று தெரியும். அது என் முழங்கை.

எனக்கு அதில் வருத்தம் இல்லை, சார்ஜென்ட். வெர்லீனிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அவள்தான் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "உன் முழங்கை நல்லா விழுந்திருக்குடா, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்" என்றாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் டெல்லாவின் கடைக்கே வந்துவிட்டான். ஹோசியாவிடம் அந்த இடத்தை வாசித்துக் காட்டச் சொன்னான். ஹோசியா என்னைக் கை காட்டினான். "அது எங்க மாப்ளே வாசிச்சதுப்பா. என் தந்தி அறுந்துபோச்சு. அவன்கிட்டக் கேளு, சொல்லித் தருவான்."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான், ஹோசியாவைப் பார்த்தான், சிரித்தான். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு அடக்கம் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. ஹோசியா வற்புறுத்தினான். வற்புறுத்த வற்புறுத்த அவன் இன்னும் பெரிய மனிதனாகிக்கொண்டே போனான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தபிறகு உண்மையைச் சொல்வது ரொம்பச் சுலபம். சொன்ன புண்ணியமும் கிடைக்கும், பொருளும் கையை விட்டுப் போகாது. ஹோசியா அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்று வெர்லீன் சொல்வாள். தங்கைக்கு அண்ணனைப் பற்றி எவ்வளவு தெரியும்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிப்பது என் தொழில். டிவி படம் தெரியவில்லை என்று கொண்டுவருவார்கள், படத்தில் கோளாறு இருக்காது, உள்ளே எங்கோ இருக்கும்.

லிண்ட்கிரென் ஹோசியாவை ஹோசியா என்றுதான் கூப்பிடுவார். என்னை மட்டும் மிஸ்டர் மேப்ரி என்பார். இந்த வசந்தத்தில் ஒருநாள் அவராகவே வந்து என் கையைக் குலுக்கி, "மிஸ்டர் மேப்ரி, நீங்க சொந்தமாப் பாட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா" என்றார். இருக்கிறது என்றேன். சந்தோஷம் என்று போய்விட்டார். ஒரு வெள்ளைக்காரன் உங்களுக்கு மரியாதை கொடுத்து உங்கள் பாட்டை விசாரித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள். என் பாட்டை எடுத்து ஹோசியாவிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். முழங்கையை எடுத்துக்கொண்டவர்கள் கையையும் கேட்பார்கள் அல்லவா.

பிறகு ஜூனியஸ். மெம்ஃபிஸிலிருந்து வந்தவன், மீசை வைத்த முப்பது வயது ஆள், தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. ஒரு சனிக்கிழமை பகலில் ஹோசியா வீட்டு மாடிப்படியில் அவன் கிதார்ப் பெட்டியோடு இறங்கினான். என்னைக் கண்டதும் பெட்டியைப் பின்னால் மறைத்தான். அந்த அளவுப் பெட்டியை எங்கே மறைப்பது. "சும்மா வந்தேண்ணே, பொழுது போகல" என்றான். ஒரு வாரம் கழித்து வேறொரு கடையில் அவன் வாசித்ததைக் கேட்டேன். என் பகுதி. நான் எங்கே ஆமாம் சொல்வேனோ அங்கே ஆமாம் சொன்னான், எங்கே வாயை மூடிக்கொள்வேனோ அங்கே மூடிக்கொண்டான். யாரோ உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

டெல்லாவின் கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்ன டெல்லா, நான் வந்ததும் எல்லாரும் ஊமையாயிட்டீங்க."

"உன்னப் பத்திதான் பேசிட்டிருந்தோம் ராசா."

"என்ன பேசினீங்க?"

"நீ அழகன்னு. போய் உக்காரு, மீனு ஆறிடப்போவுது."

ஹோசியா கல்லாவில் சாய்ந்துகொண்டு, சிரிப்பை அடக்க பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டான்.

வெர்லீனும் சேர்ந்துகொண்டாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் இஸ்திரி போட்டுக்கொண்டே, "உன் கழுத்தளவு பதினஞ்சா, பதினஞ்சரையா" என்று கேட்டாள். எதற்கு என்றேன். "சவப்பெட்டிக்கு" என்றாள், தலை நிமிராமல். அவள் அப்படித்தான் பேசுவாள். நான் பதினைந்தரை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பிளக் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மின்சார ஆள் அதைச் சரியாகத்தான் சொல்லியிருப்பார், இருந்தாலும் மேடையில் அது எப்படி என்பது அவருக்குத் தெரியாது.

பழைய கட்டடங்களில் சுவரில் இரண்டு ஓட்டைதான். கிதார்ச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை எந்தப் பக்கம் வைத்துச் சொருகினாலும் போகும், பாட்டும் வரும். ஆனால் ஒரு பக்கமாகச் சொருகினால் ஒன்றும் இல்லை. மறுபக்கமாகச் சொருகினால் கிதார்த் தந்தியில் மின்சாரம் உட்கார்ந்திருக்கும். தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கைத் தொட்டால் கடிக்கும். இந்த ஊரில் பாடுகிற யாருடைய உதட்டைப் பார்த்தாலும் அந்தக் கடி தெரியும். பொதுவாக அது வெறும் கடிதான். சுரீரென்று ஒன்று, ஒரு கெட்ட வார்த்தை, ஜனங்கள் சிரிப்பார்கள், பிளக்கைத் திருப்பிப் போடுவார்கள். கடி கடியாகவே நிற்பதற்கு ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு சின்னப் பாகம் இருக்கிறது.

எந்தக் குழுவிலும் தலைவன் முதலில் மேடை ஏறமாட்டான். மற்றவர்கள் ஏறி இரண்டு மூன்று பாட்டு வாசித்து ஜனங்களைச் சூடாக்க வேண்டும். ஏறியதும் இரண்டாவது கிதார்க்காரன் செய்கிற முதல் வேலை, தலைவனின் கிதார்த் தந்தியில் ஒரு கையை வைத்து, மற்றக் கையின் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்ப்பது. உள்ளங்கையால் தொடக்கூடாது. கடித்தால் கை தானாக மூடிக்கொள்ளும், விட முடியாது. கடி இருந்தால் பிளக்கைத் திருப்ப வேண்டும். தலைவனின் உதடு இரண்டாவது கிதாரின் பொறுப்பு. தலைவன் வந்து மறுபடி தொட்டுப் பார்க்கமாட்டான். அப்படிப் பார்த்தால் தன் ஆளை நம்பவில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. மறுபடி தொட்டுப் பார்த்த ஒருவனை அவன் குழு அன்றைக்கே விட்டுப்போனது எனக்குத் தெரியும்.

ஹோசியா ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. கல்லாவிலிருந்து எழுந்து, கைதட்டலுக்கு நடுவே நடந்துவந்து, கிதாரை மாட்டி, கண்ணை மூடி, உதட்டை மைக்கில் அழுத்திக்கொண்டுதான் முதல் வார்த்தையே பாடுவான்.

அந்தப் பாகத்தைப் பற்றிக் காலையில் உங்களிடம் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ஹோசியாவின் ஆம்ப்ளிஃபயரில் அது பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். ஆனால் உங்கள் மின்சார ஆள் கெட்டிக்காரர். ஈயப்பற்று புதிதாகப் பளபளக்கிறது, பாகம் மட்டும் கருகிக் கிடக்கிறது, அது எப்படி என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்பார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது நல்ல பாகம். அதைக் கழற்றிவிட்டு, யாரோ தூக்கிப்போட்ட டிவியிலிருந்து எடுத்த செத்த பாகத்தை நான்தான் பற்றவைத்தேன். ஜூனியஸைப் படிக்கட்டில் பார்த்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வெர்லீன் சர்ச்சுக்குப் போயிருந்தபோது.

உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அல்ல. வானம் மூடியிருந்தால் குடை எடுத்துக்கொண்டு போகிறோம், மழை பெய்ய வேண்டும் என்று நாம் நினைக்கிறோமா. அப்படித்தான். அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமை போயின. ஒவ்வொரு தடவையும் நான் புறங்கையால் தொட்டுப் பார்த்து, பிளக்கைச் சரியான பக்கமே வைத்தேன். அந்தப் பாகத்தோடு தொட்டுப் பார்ப்பது எனக்கும் ஆபத்துதான் என்பதை உங்கள் ஆள் சொல்வார். அத்தனை தடவை அவன் உயிரைக் காப்பாற்றினதை யாராவது எழுதுகிறார்களா என்று பார்க்கிறேன், அந்தத் தம்பி பேனாவை நிறுத்திவிட்டார்.

நேற்று நாங்கள் மூன்று பாட்டு வாசித்தோம். நான்தான் பாடினேன், வழக்கம்போல. புழுக்கம் அதிகம், கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் டெல்லா கல்லாவைத் தட்டி ஹோசியாவின் பெயரைச் சொன்னாள், கடை முழுக்கக் கைதட்டியது. எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஒரு மனிதன் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடிய நேரம் அது, யாரும் மேடையைப் பார்க்கமாட்டார்கள். நான் குனிந்து சத்தத்தைச் சரிசெய்கிற மாதிரி ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டேன். பிளக்கை எடுத்தேன், திருப்பினேன், சொருகினேன்.

அவன் வந்தான். போகிற வழியில் என் தோளை ஒரு அழுத்து அழுத்தினான்.

"ஜனங்க சூடா இருக்காங்களா மாப்ளே?"

"சூடாத்தான் இருக்காங்க மச்சான்" என்றேன்.

கிதாரை மாட்டினான், தந்தியில் கை வைத்தான், உதட்டை மைக்கில் வைத்தான். ஒரு சத்தம் வந்தது. தந்தியில் அவன் கை இறுகிக்கொண்டதால் அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஹோசியா மேடையில் கோமாளித்தனம் செய்கிறவன், உடம்பை உதறிக் காட்டுவான், அதனால் முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து கைக்குட்டையை ஆட்டினாள். "விடாதே ராசா, விடாதே" என்று யாரோ சொன்னார்கள். டிரம்ஸ்காரர் தாளத்தை ஆரம்பித்துவிட்டார். நானும் வாசிக்க ஆரம்பித்தேன்.

பிளக் என் காலடியில் இருந்தது. காலால் எத்தினாலே போதும். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள், எத்தனை நேரம் என்று. ஒரு சுற்று. சுற்றை ஆரம்பித்துவிட்டு நடுவில் விட்டுப்போகிறவன் நான் இல்லை. சுற்று முடிந்ததும் பிளக்கை எத்தினேன், அவன் விழுந்தான், அப்போதுதான் டெல்லா அலறினாள். நான்தான் முதலில் அவனிடம் குனிந்தேன். மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அழுதேன் என்கிறார்கள், இருக்கலாம்.

இதெல்லாம் சொன்ன பிறகு நீங்கள் வெளியே போய்விட்டு வந்தீர்கள். வரும்போது உங்கள் முகம் வேறு மாதிரி இருந்தது. லிண்ட்கிரென் பக்கத்து அறையில் இருக்கிறார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. "அட மடையா, அவங்க எல்லாரும் சேர்ந்து உனக்கு ரெக்கார்டு போட இருந்தாங்கடா. உன் பேர்ல. ஜூனியஸை எடுத்தது, நீ தனிக் குழு வைக்கப்போறேன்னுதான். சட்டை தைக்கக் கழுத்தளவு கேட்டிருக்கா உன் பொண்டாட்டி, படம் எடுக்க. எல்லாம் ஹோசியா ஏற்பாடு" என்றீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தீர்கள். சந்தேகத்தில் ஒரு அப்பாவியைக் கொன்றுவிட்டான், பாவம் என்று நினைத்தீர்கள். காபி கூடக் கொண்டுவரச் சொன்னீர்கள்.

உங்களுக்கு நல்ல மனசு. அதனால்தான் உங்களை ஏமாற்ற எனக்குப் பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும், சார்ஜென்ட். ஹோசியாவே சொல்லிவிட்டான்.

நேற்று காலை பத்து, பத்தரை இருக்கும். அவன் காரில் மேக்ஸ்வெல் தெருவுக்குப் போனோம். ரொட்டிக்குள் போலந்து சாசேஜ் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவனுக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. பாதிச் சாப்பாட்டில் ஆரம்பித்தான்.

"மாப்ளே, வெர்லீன் என்னக் கொன்னுடுவா. வியாழக்கிழம வரைக்கும் வாயத் திறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"அப்ப திறக்காத."

"வியாழக்கிழம ஸ்டுடியோ. உன் பேர்ல. பெரிய தட்டு, ரெண்டு பக்கமும் உன் பாட்டுத்தான். அட்டை முழுக்க உன் மூஞ்சி. வாங்குறவன் பாவம்."

நான் சாசேஜில் தடவியிருந்த கடுகுச் சாந்தை விரலிலிருந்து துடைத்துக்கொண்டேன்.

"கையத் தொடச்சுட்டுக் கேளு. என் தட்டு புதுசா அச்சடிக்கறாங்கல்ல, அதுலயும் திருத்தச் சொல்லிட்டேன். அந்த இடம் நீ வாசிச்சதுன்னு பேரோட வரும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் சோம்பேறி, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இன்னொண்ணு. ஜூனியஸ் இனிமே என்கூட நிப்பான். ஆனா வியாழக்கிழம உன் பின்னாடி அவன் இல்ல. நான்தான் ரெண்டாவது கிதார். ஒன்பது வருஷம் எனக்கு ஆமாம் போட்டல்ல, ஒரு நாளாவது நான் உனக்குப் போடறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. ஹோசியாவுக்குச் சீக்கிரம் கலங்கும். நான் சரி மச்சான் என்றேன். அவன் என் பங்கில் மிச்சமிருந்ததையும் வாங்கிச் சாப்பிட்டான்.

நீங்கள் ஏன் தலையில் கை வைத்துக்கொள்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தப்புச் செய்யாதவன் எதற்கு அவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும். எடுத்தவன்தானே திருப்பிக் கொடுப்பான். அத்தனை மாதம் எனக்கு இருந்தது வெறும் சந்தேகம், சார்ஜென்ட், அதை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் காரில்தான் அது ஊர்ஜிதமாயிற்று.

அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் அவன் என் பின்னால் நின்று வாசிப்பேன் என்றான். அந்தக் குரலைத் தெரியாதவன் இந்த ஊரில் இல்லை. என் ரெக்கார்டில் அவன் வாசித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிகிறதா. அதில் எந்த இடம் நன்றாக வந்தாலும் அது ஹோசியா என்பார்கள். நானே நின்று இல்லை, அது நான் என்று சொன்னாலும், அவன் பக்கத்தில் நின்று ஆமாம், அது மாப்ளேதான் என்று சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள், அவன் இன்னும் கொஞ்சம் பெரிய மனிதனாவான். அவன் உயிரோடு இருக்கிறவரை நான் என்ன வாசித்தாலும் அது அவனுடையதுதான். வேண்டாம், நீ வராதே என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லலாம். அவன் மனசு புண்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாகத்தை மாற்றியதும் நான், பிளக்கைத் திருப்பியதும் நான், யாரும் கூட இல்லை, தெரிந்தேதான் செய்தேன். எழுதியதைக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன். பெயரில் எழுத்து விட்டுப்போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு லிண்ட்கிரெனிடம் ஒரு வார்த்தை பேச விடுங்கள், பக்கத்து அறையில்தானே இருக்கிறார். வியாழக்கிழமை ஸ்டுடியோ என் பெயரில்தான் எடுத்திருக்கிறார்கள், இரண்டாவது கிதாருக்கு ஜூனியஸே போதும். புதுத் தந்தி போட்டால் சுருதி நிலைத்து நிற்க ஒரு நாள் பிடிக்கும், அதனால் நாளைக்குள் நான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.